அடிக்கிற பையனைப் படிக்கிற பிள்ளையோடு உட்கார வைத்தேன், இருவருமே அழுதார்கள். எங்கே தவறினேன்?

சுண்ணக்கட்டி எழுதியது:

வணக்கம். ஏழாம் வகுப்புக்கு எடுக்கிறேன், 38 பிள்ளைகள். அதில் ஒருவனைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். வாய்விட்டுப் படி என்றால் புத்தகத்தை வீசுவான். கணக்கு நோட்டில் சிவப்பு மை பட்டால் அந்தப் பக்கத்தையே கிழித்துவிடுவான். பக்கத்தில் இருப்பவன் சிரித்தால் கை நீளும். வீட்டில் இரண்டு வருடமாகப் பெரிய குழப்பம், அது எனக்குத் தெரியும். அறிவில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

இன்னொரு பெண் குழந்தை நேர் எதிர். யாரையும் தொந்தரவு செய்ய மாட்டாள், யாரிடமும் பேசவும் மாட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே கண் நிறைந்துவிடும். இருவருக்கும் பதிவேட்டில் ஒரே வரிதான்: உணர்வு, நடத்தைச் சிக்கல் உள்ளவர்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் சக மாணவர் துணையோடு படித்தால் தேறுவார்கள் என்று ஒரு பயிற்சியில் கேட்டேன். நம்பி வந்து, வகுப்பில் முதலாவதாக வரும் பெண்ணை அவன் பக்கத்தில் உட்கார வைத்து, 'நீ அவனைப் பார்த்துக்கோ கண்ணு' என்றேன். முதல் வாரம் அமைதி. இரண்டாம் வாரம் அவன் நோட்டில் அவளே எழுதிக் கொடுக்க ஆரம்பித்தாள். மூன்றாம் வாரம் அவளுடைய பென்சில் பெட்டியை உடைத்தான். அவள் அழுதாள். அவனும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான். மறுநாள் அவள் அம்மா வந்து சண்டை போட்டார், நியாயமான சண்டை. இப்போது அவன் பக்கத்தில் உட்கார ஒருவரும் தயாரில்லை.

விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் ஒன்று நடந்தது. மூன்றாம் வகுப்பு ஆசிரியை விடுப்பு, அந்தப் பிள்ளைகளைப் பிரித்து மற்ற வகுப்புகளில் உட்கார வைத்தார்கள். என் வகுப்புக்கு வந்த ஒரு பொடியன் கடன் வாங்கிக் கழித்தல் வராமல் திணறிக்கொண்டிருந்தான். இவன் தானாக எழுந்து போய் அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பத்து நிமிடம் சொல்லிக் கொடுத்தான். குரல் ஒரு தடவை கூட உயரவில்லை. பொடியன் தப்பாகப் போட்டபோது 'பரவாயில்ல, திரும்பப் போடு' என்றான். அதே வார்த்தையை நான் அவனிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று யோசித்துக்கொண்டே அன்று இரவு படுத்திருந்தேன்.

எங்கே தவறினேன்? சரியாகச் செய்வது எப்படி?


அகல்விளக்கு எழுதியது:

டீச்சர், நான் சிறப்புக் கல்வி ஆசிரியன், பதினாறு வருடமாக இந்தப் பிள்ளைகளோடுதான் இருக்கிறேன். நீங்கள் செய்தது ஓர் இடமாற்றம். ஒருவரைக் காவலுக்குப் போட்டீர்கள், ஒருவரைக் காவலில் வைத்தீர்கள். பழைய சட்டாம்பிள்ளை முறை அது. அவன் பெட்டியை உடைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சக மாணவர் கற்றலுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியில் ஜூனிபர் கார்டன்ஸ் என்ற இடத்தில் சார்லஸ் கிரீன்வுட், ஜோசப் டெல்குவாட்ரி முதலானோர் 1980களின் தொடக்கத்தில் முழு வகுப்புக்குமான ஜோடிக் கற்றலை உருவாக்கினார்கள். 'முழு வகுப்பு' என்பதுதான் அதில் முக்கியம். ஒரு பையனுக்காக ஒரு பெண்ணை ஒதுக்குவது கிடையாது. 38 பேரும் ஒரே நேரத்தில் 19 ஜோடி. ஒருவர் பத்து நிமிடம் கேள்வி கேட்பார், மற்றவர் சொல்வார். மணி அடித்ததும் மாறிக்கொள்வார்கள். சரியான பதிலுக்கு இரண்டு புள்ளி. தவறினால் சரியான விடையைச் சொல்லிக் காட்டி, அதை மூன்று தடவை எழுதியோ சொல்லியோ பயின்றால் ஒரு புள்ளி. வாரம் ஒருமுறை ஜோடி மாறும்.

அந்த ஒரு புள்ளியை நன்றாகப் பாருங்கள். தப்பு செய்தவனுக்கும் புள்ளி உண்டு. சிவப்பு மை பட்ட பக்கத்தைக் கிழிக்கிற பையனுக்கு இதைவிடப் பெரிய மருந்து எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். எப்போது புத்தகத்தை வீசுகிறான்? வாய்விட்டுப் படிக்கச் சொன்னபோது. வீசியதும் என்ன ஆகிறது? வெளியே அனுப்புவீர்கள், அல்லது அடுத்த பிள்ளையைப் படிக்கச் சொல்வீர்கள். ஆக, வீசினால் படிக்க வேண்டியதில்லை. இது அவன் போட்ட திட்டம் இல்லை, உடம்பு கற்றுக்கொண்ட வழி. 38 பேர் முன்னால் தடுமாறும் அவமானம் போய், ஒரே ஒருவர் முன்னால் தடுமாறினால் போதும் என்றாகும்போது, தப்பி ஓடும் தேவையே பாதி குறைகிறது.


இரு பிள்ளை அம்மா எழுதியது:

நான் ஆசிரியை இல்லை. அந்தப் பென்சில் பெட்டிக்காரியின் அம்மா மாதிரி ஒருத்தி. கோபமாக எழுதினால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

என் மூத்த மகளை இதே மாதிரி ஒரு வருடம் முழுக்க ஒரு பையன் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம். 'உங்கள் பெண் பொறுமைசாலி, அவளால்தான் முடியும்' என்று பெருமையாகச் சொன்னார்கள். எனக்கும் முதலில் பெருமைதான். அப்புறம் காலையில் வயிற்றுவலி வர ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராது. மருத்துவரிடம் ஓடினேன், ஸ்கேன் எடுத்தேன், ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு நாள் இரவு சொன்னாள்: 'அவன் கத்தினா எல்லாரும் என்னைப் பார்க்கிறாங்கம்மா, நான்தான் ஏதோ பண்ணிட்ட மாதிரி.' பத்து வயதுப் பிள்ளை அதைச் சுமந்திருக்கிறாள். அவளிடம் உனக்குச் சம்மதமா என்று யாருமே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தப் பையன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவனும் குழந்தைதான். ஆனால் நல்லபடியாக இருக்கிற பிள்ளை என்றால் அது பள்ளிக்குக் கிடைத்த இலவச உதவியாள் என்று நினைப்பதை நிறுத்துங்கள்.


சுண்ணக்கட்டி எழுதியது:

அம்மா, மன்னிப்பு நான்தான் கேட்க வேண்டும். அவளிடம் கேட்கவில்லை என்பது நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் உறைத்தது. இன்று தனியாகக் கூப்பிட்டு, நான் செய்தது தப்பு என்று சொல்லிவிட்டேன். 'பரவாயில்ல மிஸ்' என்றாள். முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது.


பின்வரிசைக்காரன் எழுதியது:

இங்கே எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் அந்தப் பையன். இப்போது வயது முப்பத்தொன்று, மின்பணியாளராக இருக்கிறேன், இரண்டு பேருக்கு வேலை கற்றுக் கொடுக்கிறேன்.

ஆறாவதிலும் ஏழாவதிலும் நான் உடைக்காத பொருள் இல்லை. கோபம் வரும்போது என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன். முதலில் காது அடைக்கும். அப்புறம் எதிரில் இருப்பவர் வாய் அசைவது மட்டும் தெரியும். அப்புறம் கை என்ன செய்தது என்று முடிந்த பிறகுதான் தெரியும். முடிந்ததும் பயங்கர வெட்கம் வரும். வெட்கத்தை மறைக்க இன்னொன்றை உடைப்பேன். பெரியவர்கள் அந்த இரண்டாவதைத் திமிர் என்பார்கள்.

என்னையும் நல்ல பிள்ளைகள் பக்கத்தில் மாற்றி மாற்றி உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: இவன் சரி, நீ கோணல், இவனைப் பார்த்து நிமிர்ந்துகொள். அந்தப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தாலே எரியும்.

எட்டாவதில் ஒரு சார் வேறு மாதிரி செய்தார். இரண்டாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தெரியாத ஒரு பையனை வாரம் இரண்டு நாள் என்னிடம் விட்டார். என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று முந்தின நாள் எனக்குக் காட்டுவார். நான் அப்போது வேகமாகப் படிக்கத் தெரியாதவன், அது சாருக்குத் தெரியும். இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை எட்டாவது பையன் கையில் கொடுத்தால் அவமானம். சொல்லிக் கொடுப்பதற்காகக் கையில் எடுத்தால் அவமானம் இல்லை. அந்தச் சாக்கில் ர, ற வித்தியாசம் முதல் எல்லாவற்றையும் நானே முதலிலிருந்து படித்தேன். சார் இதை என்னிடம் ஒருபோதும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்தப் பொடியன் என்னைப் பார்த்ததும் ஓடி வருவான். பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்து ஓடி வந்த முதல் ஆள் அவன். அவனிடம் கத்த எனக்கு வாய் வரவில்லை. டீச்சர், உங்கள் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கிற இடத்தைக் கொடுங்கள். வாங்கிக்கொள்கிற இடத்திலேயே இருந்து அவனுக்கு அலுத்துப்போயிருக்கும்.


தரவுப்பிரியை எழுதியது:

மேலே எழுதியவருக்கு நன்றி. கல்வி ஆய்வுகளைத் தொடர்ந்து படிப்பவள் நான், இதையொட்டிக் கொஞ்சம் சொல்கிறேன்.

சொல்லிக் கொடுக்கிறவரும் கற்கிறார் என்பதற்கு ஆதாரம் பழையது. கோஹன், ஜேம்ஸ் குலிக், சென்-லின் குலிக் மூவரும் 1982இல் 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கற்றவர்கள் தேறினார்கள், கற்றுக் கொடுத்த மாணவர்களும் அந்தப் பாடத்தில் தேறினார்கள், அந்தப் பாடத்தின் மேல் அவர்களுக்கிருந்த எண்ணமும் மாறியது. 2013இல் வந்த இன்னொரு தொகுப்பு நம் விஷயத்துக்கு மிக நெருக்கமானது. 26 ஆய்வுகள், 938 மாணவர்கள். மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளில் சக மாணவர் கற்றலால் அதிகப் பலன் அடைந்தது உணர்வு, நடத்தைச் சிக்கல் உள்ளவர்கள்தான் என்று அதில் தெரிந்தது. அவை எல்லாமே சில பிள்ளைகளையோ ஒரு வகுப்பையோ நெருக்கமாகத் தொடர்ந்து கவனிக்கும் வகை ஆய்வுகள். அளந்தது படிப்பில் வந்த முன்னேற்றத்தை. ஜோடி போட்டதும் அடிதடி நின்றுவிடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம்.

இனி எச்சரிக்கை. இதை யாரும் தாண்டிப் போகாதீர்கள். சகவயதினரின் துணை கெடுதலும் செய்யும். மாசசூசெட்ஸில் 1939இல் கேம்பிரிட்ஜ்-சாமர்வில் திட்டம் என்று ஒன்று தொடங்கினார்கள். வழிதவறும் வாய்ப்புள்ள சிறுவர்களுக்கு ஆலோசகர், படிப்பு உதவி, கோடை முகாம் என்று ஆண்டுக்கணக்கில் நல்ல மனதோடு செய்தார்கள். சுமார் முப்பது ஆண்டு கழித்து ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப் பிடித்துப் பார்த்தபோது, உதவி பெற்றவர்கள் உதவி பெறாதவர்களைவிடப் பல விதத்தில் மோசமாக இருந்தார்கள். 1999இல் டிஷியன், மெக்கார்ட், பூலின் மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒரு காரணத்தைச் சுட்டியது. ஒரே மாதிரிச் சிக்கல் உள்ள பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டி வைத்தால், விதி மீறிய கதையைச் சொல்பவனுக்கு மற்றவர்களின் சிரிப்பு பரிசாகக் கிடைக்கிறது. அந்தச் சிரிப்பு, பெரியவர்கள் கொடுக்கிற எந்தப் பாராட்டையும்விட வலுவானது. கோடை முகாமுக்கு ஒருமுறைக்கு மேல் போனவர்களிடம்தான் அந்தத் திட்டத்தில் கெடுதல் கூடுதலாகத் தெரிந்தது.

அதனால் கோபக்காரப் பிள்ளைகள் நால்வரைத் தனி அறையில் 'ஒருவருக்கொருவர் உதவுங்கள்' என்று விடுவது வேண்டவே வேண்டாம்.


ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள். எனக்கு ஒரு சந்தேகம், மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காலையில் ஒருவனை அடித்தவன், மத்தியானம் சின்னப் பிள்ளைகளுக்கு 'குட்டி வாத்தியார்' ஆகிப் போகிறான். மற்ற முப்பத்தேழு பேரும் அதைப் பார்க்கிறார்கள். அடித்தால் பெருமை கிடைக்கும் என்று அவர்கள் நினைக்க மாட்டார்களா? அந்தச் சின்னப் பிள்ளையை அடித்துவிட்டால் அதன் பெற்றோருக்கு யார் பதில் சொல்வது? முப்பத்து நான்கு வருட அனுபவத்தில் கேட்கிறேன்.


அகல்விளக்கு எழுதியது:

ஐயா, நியாயமான கேள்வி. முதல் பாதிக்கு என் பதில்: அவன் ஒருவனை மட்டும் அனுப்பினால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். அதனால் வகுப்பில் எட்டுப் பேர் முறைவைத்துப் போகட்டும். அவன் அதில் ஒருவன். மற்ற பாடவேளை மாதிரி அதுவும் கால அட்டவணையில் இருக்கட்டும். நன்றாக இருந்தால் கிடைக்கும், கெட்டால் பறிபோகும் என்று ஆக்கிவிட்டால் அது பரிசாகிவிடும். கணக்குப் பாடத்தை யாரும் தண்டனையாக நிறுத்துவதில்லையே.

இரண்டாம் பாதியில் உங்களோடு நிற்கிறேன். அன்று காலை கை நீட்டியிருந்தால் அன்று போக வேண்டாம். அதைத் தண்டனையாகச் சொல்லக் கூடாது. 'இன்று உன் உடம்பு சூடாக இருக்கிறது, அடுத்த முறை போகலாம்' என்று சொன்னால் போதும். பெரியவர் ஒருவர் கண்ணெட்டும் தூரத்தில் எப்போதும் இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.


பின்வரிசைக்காரன் எழுதியது:

இதில் எனக்குக் கருத்து வேறு. எனக்கும் ஒரு நாள் அப்படித் தள்ளி வைத்தார்கள். அந்தப் பொடியன் வாசலில் நின்றுகொண்டிருந்தான் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். அவனிடம் போய் 'இன்னிக்கு வர முடியல' என்று சொல்லவாவது விட்டிருக்கலாம். நிறுத்துவதாக இருந்தால், பெரியவர் ஒருவர் கூட வர அவனே போய்ச் சொல்லிவிட்டு வரட்டும்.


அகல்விளக்கு எழுதியது:

சரி, ஒத்துக்கொள்கிறேன். இது எனக்குத் தோன்றியதே இல்லை.


கேட்கும் செவி எழுதியது:

பள்ளி ஆலோசகராக இருக்கிறேன். எல்லோரும் அந்தப் பையனைப் பற்றியே பேசுகிறோம், டீச்சர் முதல் பதிவிலேயே குறிப்பிட்ட பெண் குழந்தையைக் காணோம். வகுப்பிலும் இதுதான் நடக்கிறது. சத்தம் போடுகிற வேதனையைக் கவனிக்கிறோம், சத்தமில்லாதது பின்னால் போய்விடுகிறது.

அவளுக்கு ஜோடி வேறு விதமாக அமைய வேண்டும். பேச்சு நன்றாக வருகிற, துறுதுறுப்பான பிள்ளையைப் போட்டால் அவளுக்கும் சேர்த்து அந்தப் பிள்ளையே பேசிவிடும். கொஞ்சம் மெதுவான, பொறுத்திருக்கத் தெரிந்த பிள்ளை வேண்டும். தொடக்கத்தில் இருவரும் ஒரே தாளில் எழுதட்டும். கேள்வியை ஒருவர் எழுத, விடையை மற்றவர் எழுத. அப்புறம் இருவரும் சேர்ந்தே வாய்விட்டுப் படிக்கலாம். தனிக்குரல் கடைசியில். வாரா வாரம் ஜோடி மாற்றுவது மற்றவர்களுக்கு நல்லது, இவளுக்கு வேண்டாம். ஒரே முகம் ஒரு பருவம் முழுக்க இருக்கட்டும்.

கோள் சொல்வதற்கு நேர் எதிரான ஒரு பழக்கம் இருக்கிறது, அமெரிக்கப் பள்ளி உளவியலாளர் கிறிஸ்டோபர் ஸ்கின்னரும் அவர் குழுவும் வகுப்புகளில் பயன்படுத்திப் பார்த்தது. பக்கத்துப் பிள்ளை யாருக்காவது உதவியதைப் பார்த்தால் ஒரு சின்ன அட்டையில் யார், என்ன செய்தார், யாருக்கு என்று எழுதிப் பெட்டியில் போட வேண்டும். நாள் முடிவில் ஆசிரியர் சில அட்டைகளைப் படிப்பார். எண்ணிக்கை முழு வகுப்புக்கும் பொதுவாகச் சேரும். பேசாத பிள்ளையும் அட்டை எழுதலாம், அவள் பெயரும் அட்டையில் வரலாம். அவளைப் பற்றிய அட்டையை உரக்கப் படிக்கும் முன் அவளிடம் கேளுங்கள். சிலருக்குப் பாராட்டும் பயம்தான்.

அப்புறம் ஒன்று, இதைத் தடித்த எழுத்தில் எழுத முடிந்தால் எழுதியிருப்பேன். ஜோடியாக இருக்கிற பிள்ளை படிப்புத் துணை மட்டும்தான். ஆலோசகரின் வேலையை அதன் தலையில் ஏற்றக் கூடாது. தொடக்கத்திலேயே எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்: யாராவது தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதாகச் சொன்னால், தன்னை யாரோ துன்புறுத்துவதாகச் சொன்னால், சாக வேண்டும் என்று சொன்னால், அந்த ரகசியத்தைக் காக்கக் கூடாது, நேராகப் பெரியவரிடம் வர வேண்டும். 'சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்தாலுமா?' என்று கேட்பார்கள். ஆமாம், பண்ணியிருந்தாலும். இதைச் சொல்லாமல் எந்த ஜோடித் திட்டத்தையும் தொடங்காதீர்கள். அதேபோல் ஒரு பிள்ளையின் நோய், மருந்து, வீட்டுக் கதை எதையும் அதன் ஜோடியிடம் சொல்லக் கூடாது. 'அவனுக்குச் சத்தம் அதிகமானால் கஷ்டம், மெதுவாகப் பேசு' என்ற அளவு போதும், அதையும் அவன் சம்மதித்தால்.


சுண்ணக்கட்டி எழுதியது:

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அகல்விளக்கு சார், ஒன்று மட்டும் கேட்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்கிறார்கள். என்ன பயிற்சி? ஒருவன் தப்பாகப் படித்தால் ஜோடி சரியாக என்ன சொல்ல வேண்டும்? என் வகுப்பில் 'அய்யே, இதுகூடத் தெரியாதா' என்பதுதான் வழக்கம், அதில்தான் எல்லாச் சண்டையும் தொடங்குகிறது.


அகல்விளக்கு எழுதியது:

டீச்சர், முழு விஷயமும் நீங்கள் கேட்ட இந்த இடத்தில்தான் இருக்கிறது. திருத்துகிற சொல்லைப் பிள்ளைகளின் விருப்பத்துக்கு விட்டால் தோற்றுவிடுவோம். நாம்தான் அதை எழுதிக் கையில் கொடுக்க வேண்டும்.

வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஃபுக்ஸ், லின் ஃபுக்ஸ் இருவரும் உருவாக்கிய ஜோடி வாசிப்பு முறையிலிருந்து நான் நிறைய எடுத்துக்கொண்டேன். அதில் வாரம் மூன்று நாள், ஒரு நாளைக்கு 35 நிமிடம். நன்றாகப் படிப்பவர் முதலில் ஐந்து நிமிடம் படிப்பார். அதே பகுதியைத்தான் மற்றவர் அடுத்த ஐந்து நிமிடம் படிப்பார். ஒருமுறை காதில் விழுந்த வரிகள் என்பதால் தடுமாற்றம் குறையும். அப்புறம் ஒவ்வொரு பத்தியையும் பத்துச் சொல்லுக்குள் சுருக்கிச் சொல்ல வேண்டும். பத்துக்கு மேல் போனால் ஜோடி விரலை மடக்கிக் காட்டும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு மாதிரி ஆகிவிடும்.

ஜோடி சேர்ப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. வாசிப்புத் திறன்படி 38 பேரையும் வரிசையாக எழுதி நடுவில் கோடு போடுங்கள். மேல் பாதியின் முதல் ஆளும் கீழ்ப் பாதியின் முதல் ஆளும் ஒரு ஜோடி. அதாவது 1உம் 20உம், 2உம் 21உம். முதல் ஆளையும் கடைசி ஆளையும் சேர்த்தால் இடைவெளி மலையும் மடுவும் ஆகிவிடும், உங்கள் வகுப்பில் நடந்தது அதுதான். வரிசை போட்ட பிறகு, யார் யாரோடு ஒத்துப்போக மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், அதைப் பார்த்துக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்.

திருத்தும் சொற்களுக்கு என் வகுப்பில் ஓர் அட்டை உண்டு. 'தப்பு' என்ற சொல்லே அதில் கிடையாது. ஜோடி சொல்ல வேண்டியது: 'நில்லு. அந்தச் சொல்லை இன்னொரு தடவை பார்.' நான்கு நொடி காத்திருக்க வேண்டும், மேசைக்கடியில் விரலால் எண்ணிக்கொள்ளலாம். வரவில்லை என்றால், 'அது இந்தச் சொல். நீ சொல்லு.' சொன்னதும், 'சரி, வரியை முதலிலிருந்து படி.' அவ்வளவுதான்.

இதைச் சொல்லி மட்டும் கொடுத்தால் ஒட்டாது. முதல் நாள் நானே தப்பாகப் படிப்பவனாக நடிப்பேன், ஒரு பிள்ளை என்னைத் திருத்தும். நான் வேண்டுமென்றே கோபப்படுவேன், அட்டையைத் தள்ளிவிடுவேன். அப்போது என்ன செய்வது? அந்தப் பிள்ளை பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கை தூக்க வேண்டும், சமாதானப்படுத்தக் கூடாது, வாதாடக் கூடாது. மூன்றாம் நாள் பிள்ளைகள் ஜோடி ஜோடியாக நடித்துப் பார்ப்பார்கள். ஐந்தாம் நாள்தான் உண்மையான பாடம். நான்கு நாள் வீணாகிறதே என்று தலைமையாசிரியர் கேட்பார். கேட்கட்டும்.

கோபக்காரப் பிள்ளைக்குத் தனியாக ஒரு அட்டை இருக்கட்டும், ஏதாவது ஒரு நிறத்தில். காது அடைக்க ஆரம்பிக்கிறது என்று பின்வரிசைக்காரர் எழுதினாரே, அந்த நேரத்தில் அதைத் திருப்பி வைத்துவிட்டு மூன்று நிமிடம் சன்னலோரம் போய் நிற்கலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஜோடியிடமும் அதே அட்டை இருக்க வேண்டும். அவளுக்கும் போதும் என்று சொல்ல உரிமை வேண்டும் இல்லையா.


இரு பிள்ளை அம்மா எழுதியது:

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தேன். என் பெண்ணிடம் அப்படி ஓர் அட்டை இருந்திருந்தால் வயிற்றுவலி வந்திருக்காது.

என் இளைய மகன் வகுப்பில் இதைத் தொடங்கினால் நான் சம்மதிப்பேன். பிள்ளையிடமே முதலில் கேட்க வேண்டும், எங்களுக்கும் தெரிவிக்க வேண்டும், ஒரே பிள்ளையின் தலையில் விழக் கூடாது, அடி விழுந்தால் அன்றே எங்களுக்குச் சொல்ல வேண்டும். டீச்சர், அந்தப் பென்சில் பெட்டிப் பெண்ணை முதல் சுற்றில் அவனோடு போடாதீர்கள். தயவு செய்து.


சுண்ணக்கட்டி, ஏழு வாரம் கழித்து எழுதியது:

தாமதத்துக்கு மன்னியுங்கள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நான்கு நாள் நடிப்புப் பயிற்சிதான் எல்லாவற்றிலும் நன்றாக நடந்தது. நான் அட்டையைத் தள்ளிவிட்டு 'எனக்குத் தெரியும், நீ ஒண்ணும் சொல்ல வேணாம்' என்று கத்தியபோது வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் கோபக்காரனாக நடிக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது அவன் கை தூக்கவில்லை, திருத்துகிறவனாக நடிக்கக் கை தூக்கினான்.

முதல் ஜோடி சரிவரவில்லை. கோடு போட்டு அமைத்த ஜோடிதான், இருவருக்கும் வேகம் ஒத்துப்போகவில்லை. இரண்டாம் வாரம் ஒரு புத்தகம் பறந்தது, யார் மேலும் படவில்லை. மாற்றினேன். இப்போது இருப்பவன் அவனைப் போலவே கிரிக்கெட் பைத்தியம், கொஞ்சம் மந்தமாகப் பேசுவான், எதற்கும் அசர மாட்டான். பத்துச் சொல் சுருக்கம் இருவருக்கும் பிடித்திருக்கிறது. நம் கோபக்காரன் மூன்று நிமிட அட்டையை முதல் இரண்டு வாரம் தினமும் திருப்பினான், சில நாள் வேலைக்கு டிமிக்கி கொடுக்கத்தான் திருப்பினான் என்று எனக்கே தெரியும். விட்டுவிட்டேன். இந்த வாரம் இரண்டு தடவைதான்.

அடிதடி நின்றுவிட்டதா என்றால் இல்லை. போன மாதம் விளையாட்டு நேரத்தில் ஒருவனுக்கு உதடு கிழிந்தது. வகுப்புக்குள் நடப்பது குறைந்திருக்கிறது. தரவுப்பிரியை சொன்னதை மனதில் வைத்திருந்ததால் நான் உடைந்து போகவில்லை. அன்று சின்ன வகுப்புக்குப் போக வேண்டிய நாள். பின்வரிசைக்காரர் சொன்னபடி நானும் கூடப் போனேன், வாசலில் நின்று 'நாளன்னிக்கு வரேன்' என்று அவனே சொல்லிவிட்டு வந்தான். திரும்பி வரும் வழியில் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசாத பெண்ணைப் பற்றி: இன்னும் பேசவில்லை. தாளில் எழுதுகிறாள். பெட்டியில் இதுவரை பதினான்கு அட்டை போட்டிருக்கிறாள், எல்லாம் மற்றவர்களைப் பற்றி, கையெழுத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அவளைப் பற்றி மூன்று அட்டை வந்தது. உரக்கப் படிக்கட்டுமா என்று கேட்டேன், தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். கையில் கொடுத்தேன். பென்சில் டப்பாவுக்குள் மடித்து வைத்துக்கொண்டாள்.

முதலாவதாக வரும் பெண் வேறு ஒரு பிள்ளையோடு இருக்கிறாள். அவள் அம்மாவிடம் நேரில் போய்ப் பேசினேன்.


ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

படித்தேன் அம்மா. சின்ன வகுப்புக்கு எட்டுப் பேர் முறைவைத்துப் போனதில் மற்ற பிள்ளைகள் என்ன சொன்னார்கள்?


சுண்ணக்கட்டி எழுதியது:

அடித்தவனுக்கு ஏன் என்று யாரும் கேட்கவில்லை, ஐயா. எனக்கு எப்போ முறை என்றுதான் கேட்கிறார்கள். அடுத்த பருவத்தில் பன்னிரண்டு பேராக்க வேண்டும்.


பின்வரிசைக்காரன் எழுதியது:

டீச்சர், அந்தப் பொடியனுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வந்துவிட்டதா?


சுண்ணக்கட்டி எழுதியது:

வந்துவிட்டது. இப்போது வகுத்தல். இவனுக்கே வகுத்தல் தகராறு. அதனால் முந்தின நாள் சாயங்காலம் மணி அடித்த பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து, ஈவை எங்கே எழுதணும், மீதியை என்ன பண்ணணும் என்று கேட்டுக்கொண்டு போகிறான். நான் சிவப்புப் பேனாவை எடுப்பதில்லை, பென்சிலில்தான் போட்டுக் காட்டுகிறேன். இதுவரை ஒரு பக்கமும் கிழியவில்லை.